தவறணைக்குள் அடங்காத மஞ்சா

இலங்கையில் எந்தக் கல்யாண வீட்டுக்கும் போய்ப் பாருங்கள். சாப்பாடு முடிந்து, பெரியவர்கள் கதிரையைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்ட பிறகு, இசைக்குழு மெல்ல ஒரு பைலாவை எடுத்துவிடும். அதுவரை அரசியல் பேசிக்கொண்டிருந்த மாமாமார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்புவார்கள். ‘எனக்கு ஆடத் தெரியாது’ என்று சொன்ன மாமிக்கும் கால் தானாக அசையும். சுற்றுலா பஸ்ஸின் பின் சீட்டிலும் இதே கதைதான். சிங்களவர், தமிழர், முஸ்லிம், பறங்கியர் என்று பார்க்காமல் எல்லோரையும் ஆட்டிவைக்கும் தாளம் அது. ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டால் பெரும்பாலானோர் ‘போர்த்துக்கேயர் கொண்டுவந்தது’ என்பார்கள். பாதி சரி. மீதிப் பாதியைத் தேடுகிறவர் புத்தளம் நகரத்திலிருந்து அநுராதபுரம் போகும் வீதியில் சில கிலோமீற்றர் போக வேண்டும். அங்கே சிரம்பியடி என்று ஒரு சிற்றூர். சில பத்துக் குடும்பங்கள். அவர்களின் மூதாதையர் ஆப்பிரிக்கர்.

அக்கம்பக்கத்தவர் அவர்களைக் காப்பிரிகள் என்பார்கள். தென்னாப்பிரிக்காவில் இதன் மூலச்சொல் பெரிய வசவு. இங்கே அவர்களே பல தலைமுறையாகத் தங்களை அப்படித்தான் சொல்லிவந்தார்கள். இப்போது மேடையேறும்போது ‘சிலோன் ஆப்பிரிக்கன் மஞ்சா’ என்று குழுவுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். குடிசன மதிப்பீட்டுப் படிவத்தில் அவர்களுக்கென்று தனிக் கட்டம் கிடையாது. ‘ஏனையோர்’ என்ற கடைசி வரிசையில்தான் சேர்கிறார்கள்.

ஆப்பிரிக்கர் இந்தத் தீவுக்கு வந்தது போர்த்துக்கேயரோடுதான் என்று நினைத்தால் அதுவும் தவறு. 1344-இல் மொரோக்கோப் பயணி இப்னு பதூதா கப்பலிலிருந்து இறங்கியது இதே புத்தளத்துக் கரையில்தான்; இங்கேதான் யாழ்ப்பாண மன்னர் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். பிறகு தீவைச் சுற்றிக் கொழும்புக்கு வந்தபோது, அங்கிருந்த கடலதிகாரி ஜாலஸ்தியிடம் ஏறத்தாழ 500 அபிசீனியர் (எத்தியோப்பியர்) இருந்ததாக எழுதிவைத்திருக்கிறார். வாஸ்கோடகாமா பிறப்பதற்கு நூறு வருடத்துக்கும் முந்திய செய்தி இது.

ஆனால் சிரம்பியடிக்காரரின் கதை பின்னாலே தொடங்குகிறது. போர்த்துக்கேயர் மொசாம்பிக் பக்கமிருந்தும் கோவா வழியாகவும் ஆப்பிரிக்கரைக் கொண்டுவந்தார்கள், சிலரை அடிமையாக, சிலரைப் போர்வீரராக. போர்த்துக்கேயரை விரட்டிவிட்டு வந்த ஒல்லாந்தரும் அதையே செய்தார்கள். கொழும்பில் கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் ‘சிலேவ் ஐலண்ட்’ என்று பெயர் வந்தது அந்தக் காலத்து அடிமைக் குடியிருப்பால்தான். அடுத்து வந்த ஆங்கிலேயர் கண்டி இராச்சியத்தோடு சண்டை பிடிக்க ஆப்பிரிக்கரைக் கொண்டு படைப்பிரிவே அமைத்தார்கள்.  ஆப்பிரிக்கரும் இருந்த சிலோன் ரைபிள் படை 1873-இல் கலைக்கப்பட்டது. புத்தளத்துப் படைமுகாமில் இருந்தவர்களில் சிலர் கப்பலேறிப் போகாமல் இங்கேயே குடியமர்ந்தார்கள். உப்பளத்திலும் அரசாங்கத்தின் சின்னச் சின்ன வேலைகளிலும் சேர்ந்தார்கள். கத்தோலிக்கராக இருந்தார்கள், சிங்களவரையும் தமிழரையும் மணந்தார்கள். தலைமுறைக்குத் தலைமுறை சுருள்முடி கொஞ்சம் நேராகியது, நிறம் கொஞ்சம் மாறியது. பாட்டு மட்டும் அவ்வளவாக மாறவில்லை.

அந்தப் பாட்டுக்குப் பெயர் மஞ்சா.

ஒரு மஞ்சா எப்படித் தொடங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். யாரும் ‘இப்போது நிகழ்ச்சி ஆரம்பம்’ என்று சொல்வதில்லை. ஆட்கள் அரைவட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், பெரும்பாலும் ஒரு வீட்டு முற்றத்தில். வயதான ஒரு பெண் ஒரு வரியை இழுத்து, அவசரமே இல்லாமல் பாடத் தொடங்குவார். மற்றவர்கள் அதை வாங்கித் திருப்பிச் சொல்வார்கள். றபானும் டோலக்கும் வேலையைத் தொடங்கும். ஒருவர் கையில் இரண்டு சிரட்டைகள். இன்னொருவர் வெறும் கண்ணாடிப் போத்தல் ஒன்றை இடது கையில் பிடித்துக்கொண்டு கரண்டியால் தட்டுவார். போத்தலின் கழுத்தில் தட்டினால் ஒரு ஒலி, வயிற்றில் தட்டினால் இன்னொன்று. கை பழகியவர் இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டி ஒரு தாளக் கருவியின் வேலையை வாங்கிவிடுவார். நம்மூர்க் கணக்கில் சொன்னால் அது தகிட தகிட என்று ஓடும் திச்ர நடை. அதே வரிதான் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு சுற்றுக்கும் வேகம் ஒரு பிடி கூடும். கைதட்டல் இறுகும். அரைவட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து நடுவில் வருவார், பிறகு இன்னொருவர். இடுப்பும் தோளும் பேசும் ஆட்டம் அது. கால் அதிகம் நகராது. ஆடுகிறவர் களைக்கும்வரை பாட்டு நீளும். எத்தனை நிமிடம் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது.

பாடல்கள் சின்னவை. காதல், கடல், காட்டு மிருகம், வீட்டுப் பிராணி என்று விஷயமும் எளிமையானது. பாட்டின் மொழிதான் அதிசயம்: போர்த்துக்கேயச் சொற்களின் மேல் இந்தத் தீவின் இலக்கணம் ஏறிய ஒரு கலப்புமொழி. ஒருகாலத்தில் கொழும்பிலிருந்து மட்டக்களப்பு வரை துறைமுக ஊர்களெல்லாம் பேசிய மொழி அது. ஒல்லாந்தர் ஆட்சியில்கூட ஒல்லாந்தர் வீடுகளுக்குள் புழங்கியது. சிரம்பியடியில் இன்று வீட்டுப் பேச்சு சிங்களம். பழைய மொழியில் சரளமாகப் பேசக்கூடியவர்கள் போய்விட்டார்கள். இளையவர்கள் பாட்டை வரி பிசகாமல் பாடுவார்கள். சொல்லுக்குச் சொல் அர்த்தம் கேட்டால் சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள். இதைப் பெரிய சோகமாக எழுதுவது பத்திரிகைக்காரர் வழக்கம். ஆனால் பொருள் தெரியாமல் மனப்பாடமாகச் சமஸ்கிருதச் சுலோகம் சொல்கிறவர்கள் நம் வீடுகளிலேயே எத்தனை பேர் இருக்கிறார்கள்! அவர்களுக்காக யாரும் ஒப்பாரி வைப்பதில்லை.

இங்கே கொஞ்சம் இங்கிலாந்துக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. காரணம், ‘நாட்டார் பாட்டும் ஆட்டமும் ஊர்க் குடிசாலையில்’ என்றதும் உலகம் முதலில் நினைப்பது அந்த நாட்டைத்தான். அங்கே ‘பப்’ என்பது பாட்டுக்கு ஒரு கூரை. சசெக்ஸ் மாவட்டத்து ரொட்டிங்டீன் கிராமத்தில் கொப்பர் குடும்பத்தின் ஜேம்ஸ், டொம் என்ற சகோதரர்களிடமிருந்து கேட் லீ என்ற பெண் பாட்டுகளை எழுதியெடுத்தது 1898-இல். நாட்டார் பாட்டுச் சங்கம் அங்கே தொடங்கிய ஆண்டும் அதுவே. அந்த டொம் கொப்பர் உள்ளூர் ‘பிளாக் ஹோர்ஸ்’ பப்பை நடத்தியவர். சஃபோக் மாவட்டத்தில் ஈஸ்ட்பிரிட்ஜ் என்ற குக்கிராமத்து ‘ஈல்ஸ் ஃபுட்’ பப்பிலிருந்து 1939-இல் பிபிசி ஒரு சனிக்கிழமை இரவுப் பாட்டு நிகழ்ச்சியையே ஒலிபரப்பியது; அதற்குக் காரணமாயிருந்தவர் ஏ. எல். லொயிட். பண்ணைத் தொழிலாளிகள் பியர்க் குவளையோடு உட்கார்ந்து, முறை வரும்போது ஆளுக்கொரு பாட்டுப் பாடும் வழக்கம் அந்த ஊர்ப்பக்கங்களில் இருந்தது.

அங்கேயும் சட்டம் பாட்டை விட்டுவைக்கவில்லை. தனி அனுமதி வாங்காத பப்பில் இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து இசைக்கக் கூடாது என்றொரு விதி நெடுங்காலம் இருந்தது. மூன்றாவது ஆள் பிடிலை எடுத்தால் குற்றம்! 2003-இல் நிறைவேறி 2005-இல் நடைமுறைக்கு வந்த மதுவிற்பனைச் சட்டம் அந்த விதியை எடுத்துவிட்டு, இரண்டு பேருக்கும் அனுமதி வேண்டும் என்று இன்னொரு தலைவலியைக் கொடுத்தது. 2012-இல் வந்த நேரடி இசைச் சட்டத்துக்குப் பிறகுதான் ஒலிபெருக்கி இல்லாமல் பாடுகிறவர்கள் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள்.

சரி, புத்தளம் கரையில் பப்புக்கு இணை எது? தவறணைதான். சிலாபம், மாதம்பை, மாரவில, நாத்தாண்டியா என்று தென்னை அடர்ந்த பட்டி இது. ஒரு மரத்துச் சிரசிலிருந்து அடுத்த மரத்துக்குக் கயிறு கட்டி, அதன் மேலேயே நடந்துபோய்க் கள் இறக்குகிறவர்கள் உள்ள நாடு. விடியற்காலையில் இறக்கிய கள் இனிக்கும், மாலைக்குள் புளித்து ஏறிவிடும். பாட்டுக்கு வேண்டிய சரக்கெல்லாம் இருக்கிறது. ஆனாலும் தவறணை பாட்டுக்கு வீடாகவில்லை. ஏன்?

ஒரு காரணம் வருமானக் கணக்கு. ஆங்கிலேயர் காலத்தில் சாராயத் தவறணைகளைக் குத்தகைக்கு ஏலம் விட்டார்கள். அரசுக்கு அது பெருவருவாய், குத்தகைக்காரருக்கு அதைவிடப் பெரிது. இலங்கையின் பல பெரிய குடும்பங்களின் சொத்து இந்தச் சாராயக் குத்தகையில் முளைத்தது என்பதை வரலாற்றாசிரியர் குமாரி ஜயவர்தன 2000-இல் வெளியான தன் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். குத்தகைக்காரருக்குத் தேவை வேகமாகக் குடித்துவிட்டு இடத்தைக் காலி செய்யும் ஆள். இரவு முழுக்க ஒரு குவளையை வைத்துக்கொண்டு பாட்டுப் பாடுகிறவரால் அவருக்கு என்ன லாபம்? பிறகு 1904-இலும் 1912-இலும் மதுவிலக்கு இயக்கம் கிளம்பியது. ஊரவர் வாக்களித்துத் தவறணையை மூடும் முறையும் வந்தது. ‘தவறணைக்குப் போகிறவன்’ என்றால் ஊரில் மரியாதை இல்லை என்ற நினைப்பு நிலைத்துவிட்டது.

இன்னொரு காரணம்தான் மஞ்சாவுக்கு முக்கியம். தவறணை ஆண்களின் இடம். இது வெறும் பழக்கமும் அல்ல, 1979-இல் வந்த மதுவரி அறிவித்தல் பெண்களுக்கு அங்கே மதுபானம் விற்பதைத் தடுத்தது, அங்கே பெண்களை வேலைக்கு அமர்த்துவதையும் தடுத்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அந்தத் தடையை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தலையிட்டு, நீக்கத்தை வாபஸ் வாங்கச் சொன்னார். கொழும்பு சுப்பர் மார்க்கட்டில் வைன் வாங்கும் பெண்மணியை யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

மஞ்சாவை எடுத்துக்கொடுப்பவர்கள் பெண்கள். பாட்டிமார், அவர்களின் மகள்மார். றபானை மடியில் வைத்துத் தட்டுகிறவரும் பெண்ணாக இருப்பார். பக்கத்தில் சிறுபிள்ளைகள் உட்கார்ந்து, கைதட்டியே கற்றுக்கொள்கிறார்கள். பெண்ணும் பிள்ளையும் நுழைய முடியாத தவறணைக்குள் இந்தப் பாட்டு எப்படிப் பிழைத்திருக்கும்? ஞானஸ்நானம், கல்யாணம், தேவாலயப் பெருநாள் என்று சாக்குக் கிடைத்தபோதெல்லாம் முற்றத்தில் பாய் விரித்துப் பாடினார்கள். குடிக்க விரும்பியவருக்குக் குடியும் இருந்தது. போத்தல் காலியானதும் அது வாத்தியமானது. மஞ்சா அழியாமல் இருப்பதற்கு இந்த முற்றமே காரணம் என்பது இந்தக் கட்டுரைக்காரரின் கட்சி.

இங்கிலாந்துக் கதையைக் கொஞ்சம் கிளறினாலும் இதே உண்மை கிடைக்கிறது. சமர்செட் மாவட்டத்து ஹாம்பிரிட்ஜ் ஊரில் 1903-இல் ஜோன் இங்கிலண்ட் என்ற தோட்டக்காரர் பாடியதைக் கேட்டுத்தான் செசில் ஷார்ப் தன் பாட்டு வேட்டையைத் தொடங்கினார் என்பது புகழ்பெற்ற கதை. ஆனால் அதே ஊரில் அவருக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களை அள்ளிக் கொடுத்தவர்கள் லூயி ஹூப்பர், லூசி வைட் என்ற சகோதரிகள். தையல் வேலை செய்து பிழைத்த அந்தப் பெண்களுக்குப் பாட்டு அவர்கள் தாயிடமிருந்து வந்தது. பப்பின் புகைப்படங்களில் இவர்களைப் போன்றவர்கள் தென்படுவதில்லை.

புத்தளக் கரையில் தவறணைக்குள் போகாத இன்னொரு பாட்டும் உண்டு. சிலாபத்துக்கு வடக்கே, கடலுக்கும் களப்புக்கும் நடுவே இருக்கும் உடப்பு தமிழ்ப் பேசும் மீனவர் ஊர். ஆடி மாதத்தில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்குப் பேர்போனது. அங்கே கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது அம்பா. வலை கனக்கும்போது பாட்டும் கனக்கும், மடி கரையைத் தொடும்போது துள்ளும். கயிற்றைப் பிடித்த அத்தனை கைகளும் ஒரே நொடியில் இழுப்பதற்குத்தான் அந்தப் பாட்டே. ட்ராக்டரும் வின்ச்சும் வலை இழுக்க வந்த கரைகளில் பாட்டுக்கு வேலை போய்விட்டது. ஆங்கிலேயக் கப்பற்பாட்டுக்கும் நீராவிக் கப்பல் வந்தபோது இதே கதிதான் நேர்ந்தது. அது கப்பலிலிருந்து இறங்கிப் பப்புக்குள் புகுந்து உயிர் பிழைத்தது. உடப்பு அம்பாவுக்கு அப்படி ஒரு புகலிடம் கிடையாது. பாடசாலைப் போட்டி மேடையிலும் விழா மேடையிலும் அது இப்போது கயிறில்லாமல் பாடப்படுகிறது.

மஞ்சாவின் உறவுக்காரர் ஒருவர் மட்டும் உலகம் சுற்றக் கிளம்பிவிட்டார். அவர் பெயர் கஃப்ரிஞ்ஞா. மட்டக்களப்புப் போர்த்துக்கேயப் பறங்கியர் வயலினும் றபானும் வைத்துக் கல்யாணத்தில் ஆடும் ஆட்டம் அது. பெயரிலேயே காப்பிரி இருக்கிறார். அந்தத் தாளத்தை எடுத்துச் சிங்களச் சொற்களை ஏற்றி 1940களில் இன்றைய பைலாவை உருவாக்கியவர் வோலி பஸ்தியன்ஸ், பொலிஸ் உத்தியோகத்தர். இரண்டு பாடகர்கள் எதிரெதிரே நின்று, கொடுத்த தலைப்பில் அந்த இடத்திலேயே வரி கட்டி மோதும் ‘வாத பைலா’வும் அந்தப் பரம்பரைதான். எம். எஸ். பெர்னாண்டோ போன்றவர்கள் அதை வானொலிக்கும் மேடைக்கும் கொண்டுபோனார்கள். தமிழிலும் அலை அடித்தது. 1960களின் கடைசியிலிருந்து நித்தி கனகரத்தினம், பிறகு ஏ. ஈ. மனோகரன் என்று தமிழ்ப் பொப் பாடகர்கள் வந்தார்கள். நித்தியின் புகழ்பெற்ற பாட்டு ஒன்று கள்ளுக்கடைப் பக்கம் போகவேண்டாம் என்று புத்தி சொல்வது. அந்தப் பாட்டுக்குக் கள்ளுக்கடை வாசலில் நின்றே தாளம் போட்டவர்கள் உண்டு.

ஆவணம் என்று பார்த்தால், இந்தப் பாடல்கள் கேட்பாரற்றுக் கிடக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையில் சிவில் சேவையில் இருந்த ஹியூ நெவில் ஓலைச்சுவடிகளோடு போர்த்துக்கேயக் கலப்புமொழிப் பாட்டுகளின் கையெழுத்துப் பிரதியையும் சேர்த்துவைத்தார். அதில் மட்டக்களப்புப் பாட்டுகளோடு கஃப்ரிஞ்ஞாப் பாட்டுகளும் தனிப் பகுதியாக உண்டு. அவர் சேகரம் இன்று லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. கே. டேவிட் ஜாக்சன் அந்தப் பாட்டுகளை ஆராய்ந்து 1990-இல் நூலாக்கினார். ஷிஹான் டி சில்வா ஜயசூரிய சிரம்பியடிக்காரரின் பாட்டையும் வரலாற்றையும் வருடக்கணக்கில் தொடர்ந்து எழுதிவருகிறார். ஆசியாவில் ஆப்பிரிக்க அடையாளம் பற்றிய அவர் நூல் 2008-இல் வந்தது. லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஹியூகோ கார்டோசோவின் குழு கிழக்கிலங்கைப் பறங்கியரின் பேச்சையும் பாட்டையும் ஆட்டத்தையும் பதிவுசெய்தது.

இவ்வளவு பேர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்துபோன பிறகு சிரம்பியடியில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. ஒருகாலத்தில் ‘காப்பிரிப் பாட்டு’ என்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வெட்கப்பட்டது போய், கொழும்பு விழாக்களுக்குக் கூப்பிடுகிறார்கள் என்ற பெருமை வந்தது. கூப்பிடுகிறவர்கள் நல்ல மனதோடுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் மேடைக்கு மேடைக்குரிய நியாயம் உண்டு. அரைவட்டமாக உட்கார்ந்தவர்களைப் பார்வையாளர் பக்கம் திருப்பி வரிசையாக நிறுத்தியாக வேண்டும். ஒரே மாதிரி சட்டை தைத்தாக வேண்டும். மெதுவாகத் தொடங்கி மெதுவாக ஏறும் பாட்டுக்கு அங்கே நேரமில்லை. முதல் நிமிடத்திலேயே உச்ச வேகம் வேண்டும். ‘ஆப்பிரிக்கத்தனமாக’ ஏதாவது காட்டுங்கள் என்று எதிர்பார்க்கிற ஏற்பாட்டாளரும் இருப்பார். சிரட்டையும் போத்தலும் புத்தளத்து அடுப்படியிலிருந்து வந்தவை என்பது அவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

இதற்காக மேடையே வேண்டாம் என்று சொல்வது வயிறு நிறைந்தவர் பேச்சு. உப்பளக் கூலியை நம்பிய குடும்பத்துக்கு ஒரு விழா அழைப்பு உபரி வருமானம், ஒரு நாள் பயணம், பத்திரிகையில் ஒரு படம். பிள்ளைகள் பாட்டை விடாமல் பிடித்திருப்பதற்கும் அதுவே ஒரு காரணம். கேட்க வேண்டியதைக் கேட்டால் போதும்: அழைப்பவர் பஸ் கட்டணத்தோடு பாடகருக்கும் சம்பளம் கொடுக்கிறாரா? பதிவு செய்கிறவர் அதன் பிரதியை ஊருக்குத் திருப்பிக் கொடுக்கிறாரா? நெவிலின் கையெழுத்துப் பிரதி லண்டனுக்குப் போன வழியில் இன்றைய காணொளிகளும் போய்ச் சேர்ந்தால், சிரம்பியடிப் பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டியின் குரலைக் கேட்க விசா எடுக்க வேண்டிவரும்.

சிரம்பியடிக்குப் போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளம் பஸ்ஸைப் பிடித்தால் மூன்று, நான்கு மணித்தியாலத்தில் நகரத்தில் இறங்கலாம். அங்கிருந்து அநுராதபுரம் வீதி. யாரையாவது தெரிந்துகொண்டு, சொல்லிவிட்டுப் போங்கள். காரை நிறுத்திவிட்டு ‘ஒரு பாட்டுப் பாடுங்கோ’ என்று கேட்பது எந்த ஊரிலும் மரியாதை இல்லை. கல்யாணத்துக்கோ ஞானஸ்நானத்துக்கோ அழைப்புக் கிடைத்தால் அதிர்ஷ்டம். கமெராவைக் கொஞ்ச நேரம் பைக்குள் வைத்திருங்கள். இரண்டாவது பாட்டுக்குள் யாராவது ஒரு பாட்டி உங்கள் கையைப் பிடித்து நடுவுக்கு இழுப்பார், அப்போது இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும்.